மெல்லிய சேலையை நிம்மதியாகக் கட்டுவது

ஷிஃபான் கட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நிற்கும் பெண், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது "உள்ளே தெரியுதா, பாரு" என்றுதான். பக்கத்தில் இருப்பவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு "ஒண்ணும் தெரியலை" என்பார். அடுத்த நாள் மண்டப வாசலில் எடுத்த படத்தைப் பார்த்தால் முழங்கால் வரை கால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். பார்த்துச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அறையின் டியூப்லைட்டில் தெரியாதது வாசல் வெயிலில் தெரிந்திருக்கிறது.

மெல்லிய சேலையில் எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்பதைக் கட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், கட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல வந்தது இதுதான். கை மட்டும் தெரியட்டும் என்று நினைக்கலாம். முதுகு தெரியட்டும், இடுப்பு தெரியட்டும் என்று நினைக்கலாம். எதுவுமே தெரிய வேண்டாம், துணியின் மென்மை மட்டும் போதும் என்றும் நினைக்கலாம். எல்லாமே சரியான முடிவுகள். முடிவு எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் உள்பாவாடை, லைனிங், ஊக்கு, வெளிச்சம் சம்பந்தப்பட்ட கைவேலை, யாரும் கற்றுக்கொள்ளக்கூடியது. முடிவு எடுக்காமல் கட்டினால் விசேஷம் முடிகிறவரை கை முந்தானையிலேயே இருக்கும்.

வெளிச்சம் எந்தப் பக்கம்?

ஜன்னலில் தொங்கும் மெல்லிய திரைச்சீலையைக் கவனித்திருப்பீர்கள். பகலில் தெருவில் நிற்பவருக்கு வீட்டுக்குள் எதுவும் தெரியாது. இரவில் உள்ளே விளக்கைப் போட்டதும் அதே திரை வழியாக நாற்காலி, மேசை எல்லாம் தெரியும். சேலைக்கும் இதே கணக்குத்தான். வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்தால் நூல்கள் அதைத் திருப்பி அனுப்பும். பார்ப்பவர் கண்ணுக்குத் துணிதான் படும். பின்னாலிருந்து வந்தால் நூலிடுக்குகள் வழியாக வெளிச்சம் வெளியேறும். நடுவில் இருக்கும் உடம்பு நிழல் வடிவாகத் தெரியும்.

அதனால் ஆபத்தான இடங்களை முன்பே சொல்லிவிடலாம். காலை வெயில் நேராக விழும் வாசற்படி, மாடிப்படியின் ஜன்னல் திருப்பம், மொட்டை மாடி, கடற்கரையில் சாயங்காலம். இப்போதைய கல்யாண மேடைகளில் புது வில்லன் ஒன்று சேர்ந்திருக்கிறது: மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் எல்.ஈ.டி திரையும், மேடையின் பின்மூலையிலிருந்து முன்னோக்கி அடிக்கும் ஃபோகஸ் விளக்குகளும். பரிசு கொடுத்துவிட்டுப் படத்துக்கு நிற்கும் அந்த அரை நிமிடம்தான் மெல்லிய சேலைக்கு வைக்கும் உண்மையான பரீட்சை.

கேமரா ஃபிளாஷ் வேறு விதம். அது முன்னாலிருந்துதான் வருகிறது. ஆனால் பலமாக, நேராக வருகிறது. மெல்லிய துணியைக் கடந்து உள்ளே இருக்கும் வெளிர்நிறப் பொருளில் பட்டுத் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளை ஸ்ட்ராப், படத்தில் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த துணியில் நூல்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. இழைக்கும் காற்றுக்கும் இடையே ஒளி பல முறை சிதறுவதால் துணி மங்கலாக, மறைப்பாகத் தெரிகிறது. நனைந்ததும் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிரம்புகிறது. ஒளி சிதறுவது குறைகிறது, துணி கண்ணாடியாகிறது. மழைக்கு மட்டுமல்ல, ஜூன் மாதச் சென்னையில் அக்குளிலும் முதுகிலும் ஊறும் வியர்வைக்கும் இதே விதிதான்.

துணிக்குத் துணி குணம் வேறு

மெல்லிசு என்று ஒரே சொல்லில் அடக்கினாலும் ஒவ்வொரு துணியும் வேறு வழியில் மெல்லியது. ஷிஃபானில் நூலை மிக இறுக்கமாக முறுக்கி, முறுக்கின் திசையை மாற்றி மாற்றி நெய்கிறார்கள். அதனால்தான் விரலில் லேசாகச் சொரசொரக்கிறது, உடம்போடு ஒட்டி விழுகிறது. ஜார்ஜெட் அதே குடும்பம், கொஞ்சம் கனம் கூடியது. முதன்முறை மெல்லிய சேலை கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது ஜார்ஜெட்தான். மறைக்கவும் செய்யும், அசையவும் செய்யும், ஊக்குக்கும் தாங்கும்.

ஆர்கன்சா நேர் எதிர். பட்டு இழையின் மேல் இயற்கையாக இருக்கும் பசையைப் போக்காமலே நெய்வது அது. சாதாரணப் பட்டில் அந்தப் பசையைக் காய்ச்சி எடுத்துவிடுவார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே போய்விடும். பசை நிற்பதால் ஆர்கன்சா விறைப்பாக, உடம்பை விட்டு விலகி நிற்கிறது. இந்த விலகலைக் கவனத்தில் வையுங்கள். ஷிஃபானில் உள்பாவாடையும் சேலையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே துணி போல் ஆகிவிடும். ஆர்கன்சாவிலோ உள்ளே இருக்கும் பாவாடை தனி உருவமாக, தையல் கோடு உட்பட, தெரியும். ஷிஃபானுக்கு நல்ல நிறப் பொருத்தம் முக்கியம் என்றால் ஆர்கன்சாவுக்கு நல்ல உள்பாவாடைத் தையல் முக்கியம்.

ராஜஸ்தானில் கோட்டாவை ஒட்டிய கைத்தூன் என்ற ஊரில் நெய்யும் கோட்டா டோரியாவில் பருத்தியும் பட்டும் சேர்ந்து சின்னச் சின்னக் கட்டங்களாக வரும். நம் வெயிலுக்கு இதைவிடச் சிறந்த மெல்லிய சேலை இல்லை என்பது என் அபிப்பிராயம். கட்டத்துக்குள் காற்று ஓடும், உடம்பில் ஒட்டாது. மத்தியப் பிரதேசத்துச் சந்தேரி, வங்காளத்து ஜம்தானி, நம் கோவைப் பகுதியில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்யும் கோரா காட்டன் எல்லாம் பாதி மறைத்துப் பாதி காட்டும் ரகம். அலுவலகத்துக்குத் தயக்கமில்லாமல் கட்டலாம். நெட் சேலை துணி என்பதைவிடத் துளைகளின் வலை. அதன் அழகு மேலே செய்த வேலைப்பாட்டில் இருக்கிறது, அதன் தொல்லை மோதிரத்திலும் கொலுசிலும் இருக்கிறது.

"இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்வது" என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். வாயில் சேலையும் நைலக்ஸ் சேலையும் கட்டி வேலைக்குப் போன தலைமுறை ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. நைலக்ஸ் இன்றைய எந்த ஷிஃபானுக்கும் சளைத்ததல்ல. இன்னும் பின்னால் போனால், பொருநராற்றுப்படையில் கரிகாலன் பரிசாகக் கொடுக்கும் ஆடை பாம்பு உரித்த சட்டையோடு ஒப்பிடப்படுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், உறையூரோடு தொடர்புபடுத்தப்படும் மெல்லிய துணியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஷிஃபான் சேலைக்கும் ஒரு பரம்பரை உண்டு: கூச் பிகார் மகாராணி இந்திரா தேவி பிரெஞ்சு ஷிஃபானைச் சேலையாகக் கட்டிப் பரப்பியவர் என்பார்கள், அவர் மகள் காயத்ரி தேவியின் வெளிர்நிற ஷிஃபானும் முத்துமாலையும் படங்களாக இன்றும் நிற்கின்றன. இந்த வரிசையில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

உள்பாவாடை

மெல்லிய சேலையில் பாதி வெற்றி இங்கே. ஆனால் 15,000 ரூபாய்க்குச் சேலை எடுப்பவர்கூட உள்பாவாடைக்கு மேட்சிங் சென்டரில் இரண்டு நிமிடம் செலவழிப்பார். சேலையைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒத்த நிறம் ஒன்று, ஒரு படி அடர்ந்தது ஒன்று, முற்றிலும் வேறு நிறம் ஒன்று என மூன்று பாவாடையை எடுத்து, கடை வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் ஒற்றை மடிப்புச் சேலையை மேலே போட்டுப் பாருங்கள். கடைக்குள்ளேயே பார்த்து வாங்கிய பாவாடை வெயிலில் வேறு நிறமாக இருக்கும்.

பெரும்பாலும் ஒரு படி அடர்ந்த நிறம்தான் ஜெயிக்கும். காலின் நிழலை அது விழுங்கிவிடும், சேலையின் நிறத்துக்கும் ஆழம் கொடுக்கும். வேறு நிறம் வைப்பது தனி விளையாட்டு. கறுப்புக் கோட்டாவுக்குள் அரக்குப் பாவாடை வைத்தால் நடக்கும்போது மட்டும் அரக்கு மின்னும். வெளிர் ரோஜா ஆர்கன்சாவுக்குள் பொன்னிறம் வைத்தால் சேலையே பீச் நிறத்துக்கு நகரும். ஒரே சேலையை இரண்டு பாவாடையோடு இரண்டு சேலையாக்கலாம்.

வெள்ளைச் சேலைக்கு மட்டும் வேறு விதி. வெள்ளைக்குள் தோல் நிறப் பாவாடை வைத்தால் சேலை அழுக்கேறியது போல் மங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பாவாடையே இல்லாதது போலவும் இருக்கும். வெள்ளைக்கு வெள்ளைப் பாவாடைதான், ஆனால் இரட்டைத் துணியில். உள்ளே பருத்தி, மேலே சாட்டின் அல்லது கிரேப். கடையில் கிடைக்காவிட்டால் தையல்காரரிடம் "ரெண்டு லேயர் வெச்சு, ஆறு பீஸ் போட்டு" என்று சொன்னால் புரிந்துகொள்வார். ஆறு துண்டு வெட்டு இடுப்பில் சுருக்கம் இல்லாமல் படியும், கீழே விரியும். நாடாவில் சுருக்கிக் கட்டும் நேர்வெட்டுப் பாவாடையின் கொசுவம் ஆர்கன்சாவுக்குள் பொதி போலத் தெரியும்.

நீளம். பாவாடையின் விளிம்பு சேலை விளிம்புக்கு அரை அங்குலம் உள்ளே நிற்க வேண்டும். இரண்டு அங்குலம் குறைந்தால் கணுக்காலுக்கு மேலே குறுக்குக் கோடு விழும், அதற்குக் கீழே தோல் தெரியும். எந்தச் செருப்போடு கட்டப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று சொல்கிறேன்: நாடா கட்டும் இடத்தில் பாவாடைக்கு ஒரு திறப்பு இருக்கும். சாதாரணச் சேலையில் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மெல்லிய சேலையில் அந்தத் திறப்பு இடுப்புப் பக்கவாட்டில் வந்தால் உள்ளே தோல், அல்லது உள்ளாடை, கோடு போட்டது போலத் தெரியும். திறப்பை முன்கொசுவம் விழும் இடத்துக்குத் திருப்பிக் கட்டுங்கள். கொசுவத்தின் ஐந்தாறு மடிப்பு திறப்பையும் மறைக்கும், நாடா முடிச்சின் புடைப்பையும் மறைக்கும். திறப்பின் கீழ்ப்பாதியைத் தைத்துவிட்டால் இன்னும் நல்லது.

பாலியஸ்டர் ஷிஃபானுக்குள் பாலியஸ்டர் சாட்டின் பாவாடை வேண்டாம். குளிரூட்டிய மண்டபத்தின் உலர்ந்த காற்றில் இரண்டும் உரசி மின்னேற்றம் உண்டாகும். நடக்க நடக்கச் சேலை காலோடு அப்பிக்கொள்ளும். பருத்திப் பாவாடைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஷேப்வேர் பற்றிக் கேட்பார்கள். மீன்வால் வெட்டில் வரும் சேலை ஷேப்வேர் தொடையோடு படிவதால் ஷிஃபானுக்கு நேர்த்தியான கோடு கிடைப்பது உண்மை. ஒரு மணி நேர வரவேற்புக்குச் சரி. அக்னி நட்சத்திரத்தில், காலை ஏழு மணி முகூர்த்தத்துக்குக் கட்டி மத்தியானப் பந்தி வரை இருப்பதற்கு அது வேண்டாம். மூச்சு விடச் சிரமப்படுகிறவர் முகத்தில் தன்னம்பிக்கை எப்படித் தெரியும்?

தையல்காரரிடம் சொல்ல வேண்டியவை

மெல்லிய ப்ளவுஸில் மறைப்பதைவிட முக்கியம் உள்வேலையின் சுத்தம். சாதாரண ப்ளவுஸில் உள்ளே எப்படித் தைத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. நெட் கையில், ஆர்கன்சா கையில் உள்தையல் எல்லாம் வெளித்தையல்தான்.

பின்னால் பிரித்துவிடுவதற்காகத் தையல்காரர்கள் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைப்பார்கள். நல்ல பழக்கம், உடம்புப் பகுதியில் லைனிங் இருப்பதால் அங்கே விடட்டும். லைனிங் இல்லாத கையில் அப்படி விட்டால் கைநெடுகக் கறுத்த பட்டை ஒன்று ஓடும். "கைக்குள்ள துணி விடாதீங்க, நைஸா மடிச்சு ரெட்டைத் தையல் போடுங்க" என்று சொல்லுங்கள். கழுத்துக்குக் கேன்வாஸ் வைப்பதும் அப்படியே. லைனிங் உள்ள கழுத்துக்குப் பரவாயில்லை, மெல்லிய மேல்முதுகு வைத்தால் கேன்வாஸ் அட்டை போலத் தெரியும், பைப்பிங் மட்டும் போதும்.

லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தச் சொல்ல வேண்டும். பருத்தி லைனிங் முதல் சலவையில் சுருங்கும், மேல்துணி சுருங்காது. ப்ளவுஸ் முழுக்க அலையலையாகிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே நனைத்து, தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். லைனிங்கின் நிறம் இரண்டில் ஒன்று: மேல்துணி நிறம், அல்லது உங்கள் தோல் நிறம். தோல் நிறம் வைத்தால் வேலைப்பாடு மட்டும் உடம்பில் மிதப்பது போலத் தெரியும், எதுவும் வெளிப்பட்டிருக்காது. துணிச்சலாகத் தெரிய வேண்டும், ஆனால் மூடியும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தோல் நிறம் என்றதும் ஓர் எச்சரிக்கை. கடைகளில் "ஸ்கின் கலர்" என்று எடுத்துப் போடுவது பெரும்பாலும் வெளிறிய பழுப்பு. நம்மில் பெரும்பாலோருக்கு அது தோல் நிறமே அல்ல. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் காபி நிறம், சாக்லேட் நிறம்தான் மறையும். வயிற்றுத் தோலோடு வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். வெள்ளை ப்ளவுஸுக்குள் வெள்ளை ப்ரா போடுவது நம் ஊரின் தீராத தவறு. உடம்பு அடர்நிறம், ப்ரா வெள்ளை. அந்த வேறுபாட்டைத்தான் கண் பிடிக்கிறது. தோலோடு ஒத்த நிறத்துக்கு வேறுபாடு இல்லை, அதனால் எல்லையும் தெரியாது. லேஸ் வேண்டாம், கப் நடுவில் தையல் வேண்டாம். வழவழப்பான மோல்டட் கப் ஷிஃபானுக்கு ஏற்றது. ப்ளவுஸிலேயே பேட் வைத்துத் தைத்துவிட்டால் ஸ்ட்ராப் கவலையும் இல்லை. இல்லாவிட்டால் தோள்பட்டைக்குள் ஒரு சின்னப் பட்டியும் ப்ரஸ் பட்டனும் வைக்கச் சொல்லுங்கள், ஸ்ட்ராப் அதைவிட்டு நகராது.

கட்டும்போது

சேலை ஐந்தரை மீட்டர் என்றாலும் உடம்பின் எல்லா இடத்துக்கும் ஒரே அளவு துணி போவதில்லை. முன்னால் கொசுவம் விழும் இடத்தில் பல மடிப்பு. அங்கே நெட்டே ஆனாலும் ஒன்றும் தெரியாது. பின்னங்காலில் ஓரிரு சுற்றுதான். இடுப்பில் முந்தானையின் ஒற்றை மடிப்பு. ஆகவே கவனம் தேவைப்படுவது பின்பக்கத்துக்கும் இடப்பக்க இடுப்புக்கும்தான்.

முந்தானையைத் தோளிலிருந்து ஒற்றையாகத் தவழவிட்டால் மெல்லிய துணியின் முழு அழகும் கிடைக்கும், ப்ளவுஸ் முழுக்கத் தெரியும். மடிப்பு வைத்துக் குத்தினால் மார்பில் நாலைந்து அடுக்கு சேரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: மேல்விளிம்பில் இரண்டே மடிப்பு வைத்துத் தோளில் குத்திவிட்டு, மிச்சத்தை விரித்துவிடுவது. பேருந்தில், ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கும் குழந்தையைத் தூக்குகிறவர்களுக்கும் இதுதான் உகந்தது. இடுப்பு தெரிய வேண்டாம் என்பவர்கள் பாவாடையை ஓர் அங்குலம் மேலே கட்டி, ப்ளவுஸை ஓர் அங்குலம் இறக்கித் தைத்தால் போதும். இழுத்து இழுத்து மூட வேண்டியதில்லை.

ஆர்கன்சாவைக் கட்டுகிற அன்று காலையில் மடிப்பு வைக்க உட்காராதீர்கள். முதல் நாளே கொசுவமும் முந்தானையும் மடித்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்த்து வையுங்கள். பாலியஸ்டர் ஆர்கன்சாவில் சூடு கூடினால் உருகிப் பளபளத்துவிடும். முன்மடிப்பு செய்து பெட்டி போல மடித்துக் கொடுக்கும் பெண்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கொடுக்கும் காசு வீண் போகாது. பருமனானவர்கள் ஆர்கன்சா கட்டக்கூடாது என்ற விதி ஒன்றை எங்கும் கேட்கலாம். நான் அதை ஏற்கவில்லை. மடிப்பு அகலமாக, எண்ணிக்கை குறைவாக, தேய்த்துப் படிந்திருந்தால் ஆர்கன்சா யாரையும் புடைத்துக் காட்டுவதில்லை.

ஊக்கு மெல்லிய துணியின் எமன். பெரிய ஊக்கு போட்ட இடத்தில் இழுபட்டுக் கிழியும். சின்ன ஊக்காக எடுத்து, அதன் வளைவில் ஒரு பாசிமணியைக் கோத்துவிட்டால் துணி வளைவுக்குள் போய்ச் சிக்காது. தோளில் குத்தும்போது ப்ளவுஸின் லைனிங்கையும் சேர்த்துப் பிடியுங்கள். இன்னொன்று, தாலிக்கொடியில் அவசரத்துக்கு மாட்டி வைத்திருக்கும் நாலு ஊக்கும் ஷிஃபான் முந்தானை வழியாக அப்படியே தெரியும். அன்று ஒரு நாள் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபால்ஸ் தைப்பதா? ஷிஃபானுக்குத் தைக்கலாம், நிறம் அச்சாகப் பொருந்தினால் மட்டும். ஆர்கன்சாவுக்கும் நெட்டுக்கும் வேண்டாம். அகலமான கறுத்த பட்டை கீழே தெரியும். பீக்கோ போதும்.

வீட்டில் ஒரு ஒத்திகை

விசேஷத்துக்கு முந்தைய வாரம், எல்லாவற்றையும் உள்ளாடை முதல் செருப்பு வரை போட்டுக்கொண்டு கட்டிப் பாருங்கள். காலை வெயில் விழும் வாசலில் தெருவைப் பார்த்து நின்று, வீட்டுக்குள்ளிருந்து ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரவில் விளக்கைக் குறைத்து ஃபிளாஷ் போட்டு முன்னும் பின்னும் ஒவ்வொரு படம். மின்விசிறிக்கு எதிரே நில்லுங்கள். மண்டபத்தில் பெடஸ்டல் ஃபேன் இருக்கும். கையைத் தூக்கிப் பரணில் இருந்து எதையாவது எடுங்கள், தரையில் உட்கார்ந்து எழுங்கள், மாடிப்படி ஏறுங்கள். குறை தெரிந்தால் அப்போதே சரிசெய்ய நேரம் இருக்கிறது.

அப்புறம் அதே சேலையோடு ஒரு மணி நேரம் வீட்டு வேலை செய்யுங்கள். இது துணிக்கான சோதனை அல்ல, உங்களுக்கானது. புது மெல்லிய சேலையில் எல்லோருக்கும் கை தானாக இடுப்புக்கும் தோளுக்கும் போகும். பார்ப்பவர் கண்ணை இழுப்பது துணியைவிட அந்தக் கைதான். உடம்புக்குச் சேலை பழகிவிட்டால் கை அடங்கிவிடும்.

சொல்லுகிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். "என்னடி இது, எல்லாம் தெரியுது!" என்று பெரியம்மா கேட்டால் கோபப்பட வேண்டியதில்லை, விளக்க உரை நிகழ்த்தவும் வேண்டியதில்லை. "உள்ளே லைனிங் இருக்கு பெரியம்மா, தொட்டுப் பாருங்க" என்று முந்தானையை நீட்டுங்கள். தொட்டுப் பார்த்துவிட்டு "எங்கே எடுத்தே?" என்று கேட்பவர்களே அதிகம். தெரியட்டும் என்றே கட்டியிருந்தால் அதையும் அதே நிதானத்தில் "ஆமா பெரியம்மா, எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லலாம். யோசித்து எடுத்த முடிவாக இருந்தால் இந்த வாக்கியம் தடுமாறாமல் வரும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மெல்லிய பருத்தி வேட்டியும் வெயிலில் இதே கதைதான். நாலு முழம் ஒற்றைச் சுற்று, எட்டு முழத்தை மடித்துக் கட்டினால் இரண்டு அடுக்கு. முகூர்த்தக் கூட்டத்துக்கு எட்டு முழமே நல்லது. உள்ளே கட்டம் போட்ட உள்ளாடை வேண்டாம். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியனைவிடச் சாம்பல் நிறப் பனியன் குறைவாகத் தெரியும்.

கட்டிக் கழற்றிய பிறகு

மெல்லிய சேலையைக் கழற்றியதும் மடித்து அலமாரியில் வைக்காதீர்கள். வியர்வை உலர, நிழலில் ஒரு இரவு காற்றாட விடுங்கள். ஊக்கு குத்திய துளைகளை விரல் நகத்தால் இரண்டு பக்கமும் மெல்ல நீவினால் நூல்கள் திரும்ப நெருங்கிவிடும். பட்டு ஆர்கன்சாவில் தண்ணீர்த் துளி விழுந்தால் வட்டம் படியும். தேய்க்காமல் உலர்சலவைக்குக் கொடுங்கள். மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டிலேயே இழை முறியக்கூடிய துணி அது. அட்டைக் குழாயில் பழைய வேட்டித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைப்பது நல்லது. நெட்டைத் தொங்கவிட்டால் வேலைப்பாட்டின் கனத்தில் இழுபட்டு நீளும், அதைப் படுக்கையாக வையுங்கள். கோட்டாவுக்கும் வாயிலுக்கும் லேசாகக் கஞ்சி போட்டால் உடம்பை விட்டு நிற்கும், கட்டவும் சுகம். ஆனால் கஞ்சியோடு மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். வைக்கும்போது கஞ்சி இல்லாமல் அலசி வைத்து, கட்டுகிற வாரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.